பகரம் விழுந்த ஊர்கள்



அழைப்பிதழில் ‘தருமபுரி மாவட்ட ஊர்ப்பெயர்கள்’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்லை. மூன்றே எழுத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். அ, ள், ளி. இந்த அகரத்துக்கு முன்னால் ஒரு காலத்தில் ஒரு மெய்யெழுத்து நின்றது. அது எப்போது விழுந்தது, யார் வாயில் விழுந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். எதுகை சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘ள்ளி’ என்று முடியும் சொற்களாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். வழக்கம்போல வள்ளி, வெள்ளி, புள்ளி, சுள்ளி, கள்ளி, கொள்ளி, துள்ளி, தள்ளி என்று வந்தன. ஒரு பெண் மட்டும் நோட்டின் கடைசியில் பிக்கனள்ளி, சோமனள்ளி, மாரண்டள்ளி என்று தொடர்ந்து எழுதியிருந்தாள். சிவப்பு மையில் இரண்டு தப்புப் போட்டேன். ஊர்ப்பெயரை எழுதியது ஒரு தப்பு. ‘பிக்கனஅள்ளி’ என்பதில் அகரத்தை விட்டது இன்னொரு தப்பு. “சார், யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்களே சார்” என்றாள். உட்காரச் சொல்லிவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது என்று புரிய எனக்கு இருபது வருடம் பிடித்தது.

எழுத்து ஒத்த சொற்களைக் கட்டாகக் கட்டி வைப்பது நமக்குப் பழைய பழக்கம். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, பல பொருள் தரும் சொற்களை எதுகை வரிசையில் அடுக்குகிறது. இரண்டாம் எழுத்து ககரமாக இருப்பதெல்லாம் ஓரிடம், சகரமாக இருப்பதெல்லாம் இன்னோரிடம். முதலெழுத்தைக் கொண்டு அகர வரிசையில் தேடும் வசதியை 1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் கொடுத்தார். அதற்கு முன்னால் படித்தவன் நினைவில் பிடித்துக்கொள்ள எதுகைதான் கொக்கி. மனப்பாடத்துக்கு அது நல்ல கொக்கி. உறவுமுறைக்குச் சாட்சியாக நிற்காது. வெள்ளிக்கும் கள்ளிக்கும் என்ன சொந்தம்? கொள்ளிக்கும் புள்ளிக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டா? எழுத்து ஒத்தால் சொல்லும் ஒத்தது என்று நம்பினால், பெயர் ஒத்தவர்களையெல்லாம் பங்காளி என்று அழைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் மாவட்டத்து ‘அள்ளி’க்குள் போவோம்.

பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி, பென்னாகரம் என்று பஸ்ஸில் ஒரு சுற்று வந்தவர்களுக்கு இது தெரியும். மாரண்டஅள்ளி, பிக்கனஅள்ளி, எர்ரனஅள்ளி, எலுமிச்சனஅள்ளி, பந்தாரஅள்ளி, கெரகோடஅள்ளி, பாகலஅள்ளி, பேடறஅள்ளி. ஒரே வால், வேறுவேறு தலை. கெரகோடஅள்ளியின் தலையில் இருக்கும் ‘கெரெ’ கன்னடத்தில் ஏரி. பேடறஅள்ளியின் ‘பேட’ வேடன். தலையைப் பார்த்தாலே வால் எந்த மொழி என்று ஊகிக்கலாம். ஆனால் எழுதும்போதுதான் தகராறு. ஒரு பலகையில் ‘ஹள்ளி’, அடுத்த பலகையில் ‘அள்ளி’, மூன்றாவதில் இரண்டும் இல்லாமல் முன் சொல்லோடு ஒட்டிக்கொண்டு ‘ள்ளி’.

என் தங்கை மகனுக்கு ஒரு சான்றிதழில் ஊர்ப்பெயர் ‘ஹள்ளி’, மதிப்பெண் பட்டியலில் ‘அள்ளி’. ஓர் அலுவலகத்தில் இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள் என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே ஊர்தான் என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். மொழியியல் ஆய்வு ஒன்று நோட்டரி முத்திரையோடு முடிந்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது நினைவிருக்கும். தருமபுரிக்கு முன்னால் நின்ற ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து போய் இருபதாம் எழுத்து வந்தது. சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பரபரப்பில் எல்லாரும் ஆங்கில எழுத்தைப் பற்றித்தான் பேசினார்கள். தமிழிலேயே மூன்று விதமாக எழுதுகிறோமே, அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

சரி, பழைய வடிவத்துக்குப் போவோம். நம்மிடம் இருப்பது வெறும் ஊகமில்லை, கல்லில் இருக்கிறது. அதுவும் நம் ஊர் அரசன் பெயரோடு இருக்கிறது.

1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு குன்றின் குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. ஒரே வரி. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஒன்றை ஈந்ததாகச் சொல்கிறது. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட, ஔவைக்கு நெல்லி கொடுத்த அதே அஞ்சி. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர் பாண்டியரோடு வரும் சத்தியபுத்திரர் யார் என்று ஆராய்ச்சியாளர்கள் வெகுநாள் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கு இந்த ஒரு வரியில் முடிந்தது. அந்தச் சிறப்பை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு வேண்டியது அந்த வரியின் கடைசிச் சொல். அஞ்சி ஈந்தது என்ன? பளி. ‘பாளி’ என்று படித்தவர்களும் உண்டு. தமிழ் பிராமியில் இரட்டை மெய்யை ஒற்றையாக எழுதும் வழக்கம் இருந்ததால், பளி என்பது பள்ளியேதான். மதுரைப் பக்கம் மாங்குளத்துக் கல்வெட்டிலும் முனிவருக்குச் செய்த பள்ளி இப்படித்தான் ஒற்றை ளகரத்தோடு வருகிறது. ஜம்பைக் கல்வெட்டை ஐராவதம் மகாதேவன் கி.பி. முதல் நூற்றாண்டில் வைக்கிறார். ஆக, தருமபுரியின் அரசன் பெயரோடு நமக்குக் கிடைத்த மிகப் பழைய கல்லிலேயே நம் ஊர்களின் வால் இருக்கிறது, பகரத்தோடு.

பள்ளி என்றால் படுக்கும் இடம். குகையில் வெட்டிய கற்படுக்கை பள்ளி. பெருமாள் பள்ளிகொள்கிறார், கோயிலில் பள்ளியறை இருக்கிறது. சமண முனிவர் படுத்த இடத்திலேயே பாடமும் சொல்லியதால் பள்ளிக்கூடம் வந்தது என்பார்கள். முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல். கேரளத்துக் கிறித்தவர்களுக்கு மாதா கோயிலே பள்ளி. இத்தனை மதத்துக்கும் இடம் கொடுத்த சொல் தமிழில் வேறு உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். இவற்றோடு இன்னொரு பொருளும் உண்டு: இடையர் சேரி, மாடு அடைந்து ஆள் தங்கும் சிற்றூர். நம் மாவட்டத்துக்குப் பொருந்துவது இதுதான்.

ஏனென்றால் இது மாட்டு நாடு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவனும் செத்தான், மீட்கப் போனவனும் செத்தான், இருவருக்கும் கல் நட்டார்கள். அந்தக் கல்வெட்டுகளில் மாட்டு மந்தைக்குத் ‘தொறு’ என்று பெயர். கன்னடத்து வீரகற்களில் ‘துறு’. தமிழில் தொறுக்கொள்வது, கன்னடத்தில் துறுகோள். சண்டை போட்டவர்கள் இரு மொழிக்காரர்கள். சண்டைக்குக் காரணமான மாட்டுக்கு ஒரே பெயர். தொறு என்ற சொல் இன்று யார் வாயிலும் இல்லை. மாடு அடைத்த பட்டியும், மாட்டுக்காரன் படுத்த பள்ளியும் ஊர்களின் வாலில் ஒட்டிக்கொண்டு தப்பித்தன. பாப்பாரப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி ஒரு பக்கம். அள்ளிகள் ஒரு பக்கம். பொம்மிடிப் பக்கத்தில் இரண்டு வாலும் சேர்ந்து ‘பள்ளிப்பட்டி’ என்றே ஓர் ஊர் இருக்கிறது. மாட்டுக்காரர்கள் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த கல் தருமபுரியிலேயே கிடைத்தது. கன்னட மொழி, சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893. நொளம்ப மன்னன் மகேந்திரன் காலம். நிதியண்ணன், சண்டியண்ணன் என்று இரண்டு வணிகர்கள் தகடூரில் ஒரு சமணப் பசதி கட்டுகிறார்கள். மன்னன் நிதியண்ணனுக்கு ஓர் ஊரைக் கொடுக்கிறான். அவர் அதைப் பசதியைப் பழுதுபார்க்கக் கனகசேன சித்தாந்த படாரர் என்ற முனிவருக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த ஊரின் பெயர் மூலப்பள்ளி. எழுதியது கன்னடம், எழுதச் சொன்னவன் கன்னட அரசன், இருந்தாலும் ஹள்ளி இல்லை, பள்ளி. 893இல் பகரம் நின்றுகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அது ஆட ஆரம்பிக்கிறது. கிட்டத்தட்ட பத்தாம் நூற்றாண்டிலிருந்து கன்னடக் கல்வெட்டுகளில் சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாகத் திரும்புகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கேசிராஜன் சப்தமணிதர்ப்பணம் என்ற இலக்கணம் எழுதும்போது இரண்டு வடிவமும் புழக்கத்தில் இருக்கின்றன. இன்னும் நூறு வருடத்தில் ஹகரம் ஜெயித்துவிடுகிறது. நொளம்பர்களின் சொந்தத் தலைநகரே இதற்குத் தப்பவில்லை. பெஞ்சேறு ஹெஞ்சேறு ஆனது; இன்று ஆந்திரத்தில் ஹேமாவதி.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். நம் பால் அவர்களுக்கு ஹாலு. பல் ஹல்லு, பத்து ஹத்து, பூ ஹூ, பெண் ஹெண்ணு, பொன் ஹொன்னு, பன்றி ஹந்தி, பெயர் ஹெசரு. புலி ஹுலி, லகரம் ளகரம் மாறினால் அதே ஹுளி நம் புளி. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏதோ ஒரு கன்னடம் காதில் விழுந்திருக்கும். ஹகரத்தைத் தூக்கிவிட்டுப் பகரத்தை வைத்துப் பாருங்கள். ஓர் அகராதி இலவசமாகக் கிடைக்கும்.

ஒகேனக்கல் அப்படிக் கிடைத்த பெயர்தான். ஹொகெ என்றால் புகை. புகைக்கல். அருவி விழுந்து எழும் நீர்த்தூளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஓசூர் என்பது ஹொசஊர், அதாவது நம் புதூர். தமிழ்நாட்டில் ஆயிரம் புதூர் இருக்கிறது. அதில் ஒன்று தொழிற்பேட்டையாகி, ஹகரத்தையும் இழந்து, ஓசை வருவதால் ஓசூர் என்று யாரோ விளக்கம் சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டது.

ஒகேனக்கல்லில் ஒரு தடவை பரிசல்காரரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கவிழ்த்துப் போட்ட பரிசல். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, தார் பூசிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்தில் தாளுக்குப் பதில் தோல் என்றார். எதிர்க்கரை கர்நாடகம். அங்கே இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். “அரிகோலு” என்றார், தார் பூசுவதை நிறுத்தாமலே. அகராதியில் இருப்பது ஹரிகோலு. இந்தக் கரையில் பரி, புத்தகத்தில் ஹரி, ஆற்றின் நடுவில் அரி. ஆயிரம் வருடத்து ஒலி வரலாறு, நூறு கஜ அகலத் தண்ணீரில் மிதக்கிறது. என்னோடு வந்தவர்கள் மீன் வறுவல் ஆறிவிடும் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கி.பி. 893க்குத் திரும்பி, கொஞ்சம் கடல் தாண்டுவோம். தகடூரில் நிதியண்ணன் பசதி கட்டிய அந்த வருடம் இங்கிலாந்தின் தென்பகுதியை ஆல்ஃபிரட் ஆண்டுகொண்டிருந்தார். 899இல் இறந்தார். அவர் பேசிய ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலேயர் கேட்டால் ஒரு சொல்லும் புரியாது. அந்தப் பழைய ஆங்கிலத்தில் ஒரு சொல்கட்டு உண்டு: ஹகர மெய்யும் அதை அடுத்து லகரமோ ரகரமோ னகரமோ வருவதும். ரொட்டி ‘ஹ்லாஃப்’. மோதிரம் ‘ஹ்ரிங்’. கொட்டை ‘ஹ்னுட்டு’. கூரை ‘ஹ்ரோஃப்’. இன்றைய லோஃப், ரிங், நட், ரூஃப். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் தலை ஹகரம் உதிர்ந்துவிட்டது. நம் ஹள்ளி அள்ளி ஆன மாதிரியே.

இந்த ‘ஹ்லாஃப்’ சொல்லின் குடும்பத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரொட்டியைக் காப்பவன் ‘ஹ்லாஃப்வேர்ட்’. அது தேய்ந்து லார்ட். பிரபு என்றும் ஆண்டவன் என்றும் நாம் பயந்து சொல்கிற லார்ட். ரொட்டிமாவு பிசைபவள் ‘ஹ்லாஃப்டியெ’. அது தேய்ந்து லேடி. நம் மாவட்டத்தில் இந்தச் சொல் பிறந்திருந்தால் சீமாட்டிக்குக் களி கிண்டுபவள் என்று பெயர் வந்திருக்கும். ராகிக்களி கிண்டிப் பார்த்தவர்கள் அந்தப் பட்டத்துக்கு எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

ஆங்கிலத்தால் பள்ளிக்கூடத்தில் நாம் பட்ட பாடு ஒன்றும் இதோடு சேரும். ஓ, யு, ஜி, எச் என்ற நாலெழுத்து வால். ‘தோ’விலும் அதே வால், ‘த்ரூ’விலும் அதே வால், ‘டஃப்’பிலும் அதே வால், மரக்கிளையைக் குறிக்கும் ‘பவ்’விலும் அதே வால். நாலுக்கும் நாலு ஒலி. ஆல்ஃபிரட் காலத்தில் இவற்றின் கடைசியில் தொண்டையில் உரசி வரும் ஒரு காற்றொலி இருந்தது. கேட்டிருந்தால் நம் ஆய்தத்தின் சித்தப்பா என்று சொல்லியிருப்போம். பிற்காலத்து எழுத்தர்கள் அதை ஜி எச் என்று எழுதினார்கள். பிறகு ஒலி சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் ஃபகரமானது. எழுத்து மட்டும் ஆள் இல்லாத வீட்டின் பெயர்ப்பலகை மாதிரி தொங்குகிறது. அவர்கள் ஒலியை விட்டுவிட்டு எழுத்தைக் காப்பாற்றினார்கள். நம் மாவட்டத்தில் ஒலியோடு எழுத்தும் போய்விட்டது. அதனால் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஊர்ப்பெயரிலும் அங்கே இதே கதை. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் என்று எழுத்தைப் பார்த்து நாம் படிக்கிறோம். அந்த ஊர்க்காரன் பர்மிங்கம், நாட்டிங்கம் என்கிறான். ‘ஹாம்’ என்றால் வீடு, குடியிருப்பு. ஏறக்குறைய நம் பள்ளி. நாட்டிங்ஹாம் வாலில் மட்டுமல்ல, தலையிலும் ஓர் எழுத்தை இழந்த ஊர். பழைய ஏடுகளில் அதன் பெயர் ஸ்னோட்டிங்காஹாம். நார்மானியர் வந்தபின் முன்னால் இருந்த ஸகரம் போயிற்று.

பகரம் விழுவதை முழுத் திரைப்படமாகப் பார்க்க வேண்டுமானால் அப்பா என்ற பொருள் தரும் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றி வரலாம். இலத்தீனில் பாத்தெர். பகரம் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஃபாதர், உதடு ஒட்டாமல் காற்று மட்டும். ஆர்மீனியத்தில் ஹாயர், உதட்டு வேலையே இல்லை, மூச்சுதான். ஐரிஷ் மொழியில் அஹிர். முன்னால் எதுவுமே இல்லை. நான்கு மொழிகள் நான்கு படிக்கட்டில் நிற்கின்றன. பள்ளி, ஹள்ளி, அள்ளி என்று நாம் மூன்று படியை ஒரே தாலுகாவில் வைத்திருக்கிறோம்.

ஒரே தாலுகாவில் எப்படி? இதுதான் எனக்கு வெகுநாள் உறுத்திய கேள்வி. மாரண்டஅள்ளியிலிருந்து பஸ் ஏறினால் சின்னாற்று அணைக்குப் பஞ்சப்பள்ளி போகலாம். ஒன்று அள்ளி, ஒன்று பள்ளி. நல்லம்பள்ளி தாலுகாத் தலைநகரம். அதைச் சுற்றி பாகலஅள்ளியும் பேடறஅள்ளியும். பென்னாகரத்துப் பக்கம் சின்னம்பள்ளி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி. பகரம் நிற்கும் ஊர்களை மட்டும் தனியே எழுதி மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நல்லம், சின்னம், போச்சம். மூன்றிலும் பகரத்துக்கு முன்னால் மகர ஒற்று காவல் நிற்கிறது. பஞ்சப்பள்ளியில் இன்னொரு பகர ஒற்றே காவல். மாரண்ட, சோமன, பிக்கன என்பவற்றில் காவலுக்கு ஆளில்லை. கன்னடத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. உப்பு இன்னும் உப்புதான், கப்பெ என்ற தவளை கப்பெதான், கம்பளி கம்பளிதான். தனியே நின்ற முதல் பகரம்தான் மாட்டிக்கொண்டது. எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மேசையில் இருந்த ஊர்களுக்குப் பொருந்தியது.

பொருந்தாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேப்பனப்பள்ளி. சட்டமன்றத் தொகுதிப் பெயராக எழுதும்போது வேப்பனஹள்ளி, மக்கள் வாயில் வேப்பனப்பள்ளி. அந்த ஊருக்கு ஒரு பக்கம் கர்நாடகம், ஒரு பக்கம் ஆந்திரம். தெலுங்கு பகரத்தை விட்டுக்கொடுக்காத மொழி. மதனபள்ளி இன்றும் மதனபள்ளிதான். ஆகவே அங்கே இரண்டு வாலும் ஒரே ஊரின் மேல் உட்கார்ந்திருக்கின்றன.

இனி ஹகரத்தை யார் தின்றது என்பதற்கு வருகிறேன். படித்தவர்கள் உடனே சொல்லும் பதில், தமிழனுக்கு ஹகரம் வராது, அதனால் அள்ளி ஆயிற்று என்பது. நானும் முப்பது வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பழைய மைசூர் நாட்டுக் கிராமத்துக் கன்னடத்தைக் கேட்டபிறகு அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மண்டியாவிலும் சாமராஜநகரிலும் கழனிக்காரர் ஹாலு என்று சொல்வதில்லை, ஆலு என்கிறார். ஹள்ளி என்பதில்லை, அள்ளி என்கிறார். பெங்களூரில் படித்த பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். லண்டனின் கீழ்த்தட்டு மக்கள் ஹகரத்தை விழுங்குவதைக் கேட்டுப் படித்த ஆங்கிலேயர் சிரித்தது போலவே. நம் ஊர்களுக்கு அள்ளி என்று பேர் வைத்துக் குடியேறியவர்கள் அரண்மனைக் கன்னடம் பேசியவர்கள் இல்லை. மாடும் ஏரும் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் வாயிலேயே ஹகரம் விழுந்திருக்கலாம். பரிசல்காரர் சொன்ன அரிகோலை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ‘அள்ளி’ என்பது ஹள்ளியின் தமிழ்க் கொச்சை இல்லை. கிராமத்துக் கன்னடத்தின் நேர்ப் பதிவு. பலகையில் ஹகரம் போட்டு ‘திருத்துகிறவர்கள்’ யாருடைய உச்சரிப்பைத் திருத்துகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இன்னொரு கட்சி உண்டு. அள்ளியை எடுத்துவிட்டுப் பள்ளி என்று மாற்றித் தமிழாக்கிவிட வேண்டும் என்பார்கள். நல்ல எண்ணம்தான். அதற்குள் ஒரு குழி இருக்கிறது. ‘பள்ளி’ என்று எழுதிவிட்டால் எல்லாம் பள்ளி ஆகிவிடுமா? வடகர்நாடகத்து ஹுப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 நவம்பர் 1 முதல் ஹுப்ளி என்பதை ஹுப்பள்ளி என்று அரசே மாற்றியது. தமிழில் எழுதிப் பார்த்தால் நம் பள்ளிதான். கன்னடர் அதைப் பூங்கொடி என்று பிரித்துக் காட்டுவார்கள். ஹூ என்றால் பூ. அந்தப் பள்ளி கொடி. நம் வள்ளி! வகரம் அங்கே உதடு ஒட்டி ஒலித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு நோட்டில் வள்ளியும் அள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தனவே, அதே மயக்கம். அஞ்செட்டிப் பக்கம் காட்டில் தொட்டல்லா என்று ஓர் ஓடை ஓடுகிறது. அது பெரிய ஹள்ள. ஹள்ள என்றால் ஓடை, நம் பள்ளம். பள்ளியும் பள்ளமும் ஹகரமாகி, பிறகு அதையும் இழந்து, ஒன்றுபோல் நிற்கின்றன. ஆங்கிலேயரும் இதில் ஏமாந்தவர்கள்தான். ‘ஹாம்’ என்று முடியும் ஊர்களில் சில குடியிருப்பு; ஈவ்ஷாம் போன்ற சில, ஆறு வளைந்து சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும் ‘ஹம்’ என்ற வேறொரு பழைய சொல். இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதிக் கலந்துவிட்டார்கள். இன்று ஒவ்வோர் ஊராகப் பழைய பட்டயம் தேடிப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதியமான் அள்ளி அள்ளிக் கொடுத்ததால் அள்ளி என்று பேர் வந்தது என்று என்னிடம் ஒரு மாணவன் தேர்விலேயே எழுதினான். மதிப்பெண் போடவில்லை. ஜம்பைக் கல்வெட்டைப் படித்தபின் அவனைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. காரணம் தப்பு. ஆனால் அதியமான் கொடுத்தது என்னவோ பள்ளிதான்.

சென்ற மாதம் பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளிக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். தக்காளிக் கூடையோடு ஏறிய அம்மாள் ஒருவர் “மாரண்டள்ளி ஒண்ணு குடுப்பா” என்றார். கண்டக்டரும் திரும்ப “மாரண்டள்ளியா?” என்றுதான் கேட்டார். பஸ்ஸில் யார் வாயிலும் ‘ண்ட’வுக்குப் பிறகு தனியாக ஓர் அகரம் வரவில்லை. பகரம் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஹகரமானது, ஹகரம் அப்புறம் விழுந்தது, இப்போது மிச்சமிருந்த அகரமும் முன் எழுத்துக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் இந்த ஊர்களின் வால் ‘ள்ளி’தான். அந்தப் பெண் நோட்டில் எழுதியதும் அதுவேதான். இப்போது அவளே எங்கேயோ ஆசிரியையாக இருக்கிறாள் என்று கேள்வி. இந்த உரை அச்சாகி வந்ததும் ஒரு பிரதி அவளுக்கு அனுப்பி, அந்த இரண்டு தப்பையும் அடித்துவிடச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.